இரண்டாம் பாகங்கள்: தாயைப் போல் பிள்ளையா?

ஒரு திரைப்படத்தின் பெயருக்குப் பின்னால் ‘2’ என்னும் இலக்கத்தைப் பொறித்துவிட்டால், தனிப் படமாக நின்று பேசும் உரிமையை அது இழந்துவிடுகின்றது. “முதற் படத்தைப் போல் இருக்கிறதா?” என்ற வினாவே அதற்கு முன்னால் வந்து நிற்கும். தமையன் படித்த பள்ளிக்கூடத்திற் சேர்க்கப்படும் தம்பியின் நிலைதான் அதற்கும். தம்பி நன்றாகப் படித்தால், “அண்ணனைப் போல் வருமா?” என்பார்கள். படிக்காவிட்டாலோ, “அண்ணனுக்குத் தம்பியா இவன்?” என்பார்கள். ஆசிரியத் தொழிலில் உள்ளோருக்கு இது நன்கு பழகிய காட்சி.

2024 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆந் திகதி ‘இந்தியன் 2’ வெளிவந்தது. அடுத்த வாரமே எமது உயர்தர வகுப்பு மாணாக்கரிடையே இவ்விவாதம் மூண்டுவிட்டது. பட்டணத்துக்குப் பஸ் ஏறிப்போய்ப் படம் பார்த்து வந்த ஒரு மாணவன் எழுந்து, “சேர், பழைய ‘இந்தியன்’ படத்தை நாங்கள் பார்க்கேல்ல. இரண்டாவதைத்தான் பார்த்தம். இதுக்கா எங்கட அப்பா அவ்வளவு புகழ்ந்தவர்?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் பாகம் ஒன்று தான் தோற்பதோடு நின்றுவிடாமல், பார்த்திராத பிள்ளைகளிடத்தில் முதற் படத்தின் பெயரையும், அதனைப் புகழ்ந்த தந்தையின் சுவையறிவையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு விழுகின்றது என்பது அப்போதுதான் நன்கு புலப்பட்டது.

அத்தந்தையார் அப்படத்தை எந்த நிலையிற் பார்த்திருப்பார் என்பதை நாம் அறிவோம். ‘இந்தியன்’ வந்தது 1996 இல். அந்நாளில் எழுவான்கரை ஊர்களில் மாலையானதும் வீதியில் ஆளரவம் அடங்கிவிடும். இரவிற் படமாளிகைக்குப் போய்வருவதென்பது நினைத்துப் பார்க்கவும் இயலாத காரியம். வசதியுள்ள ஒரு வீட்டில் ஜெனரேற்றரை இயக்கி, வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவைப் போட்டு, கூடத்திலும் விறாந்தையிலும் பாய் விரித்து, அயலார் அனைவரும் ஒன்றாக இருந்து பார்த்த படங்களுள் அதுவும் ஒன்று. அன்று அந்தப் பாய்களில் இருந்தவர்களுட் சிலரை யுத்தமும், சிலரை 2004 டிசம்பர் 26 ஆந் திகதிக் கடலும் கொண்டுபோய்விட்டன. ஒரு பழைய படம் நெஞ்சில் நிற்கும்போது, அதனை யாருடன் இருந்து பார்த்தோம் என்பதும் கூடவே நிற்கின்றது. இரண்டாம் பாகம் எடுப்போர் கைவைப்பது அந்த நினைவின்மேல். அவர்கள் விற்பதும் அதனையே.

இது ஒரு புறமிருக்க, நம் பாட்டன்மார் காலத்துத் தமிழ்ப் படங்களுக்கு இரண்டாம் பாகம் என்பதே ஏன் இருக்கவில்லை என்று எண்ணிப் பார்க்கலாம். கதை திருமணத்தில் முடியும். அன்றேல் மரணத்தில் முடியும். ‘சுபம்’ என்ற எழுத்துத் திரையில் விழுந்த பின்னர் மணமக்கள் எப்படிக் குடும்பம் நடத்தினர் என்று எவரும் கேட்டதில்லை. மற்றொரு காரணமும் உண்டு. அக்காலத்து இரசிகன் கதாபாத்திரத்தைத் தேடிப் போகவில்லை. நடிகரைத் தேடிப் போனான். எம்.ஜி.ஆர். 1964 இல் ‘படகோட்டி’யாக வந்தாலும், 1971 இல் ‘ரிக்‌ஷாக்காரன்’ ஆக வந்தாலும், அவர் அதே மனிதர்தாம். ஏழைக்கு இரங்குவார், தாயை வணங்குவார், தீயோனைத் தண்டிப்பார். ஒவ்வொரு படமும் முன்னைய படத்தின் தொடர்ச்சியே என்னும்போது தனியாக ஒரு தொடர்ச்சி எதற்கு? ஏ. பி. நாகராசன் ‘திருவிளையாடல்’ (1965), ‘சரஸ்வதி சபதம்’ (1966), ‘திருவருட்செல்வர்’ (1967), ‘திருமால் பெருமை’ (1968) என ஆண்டுக்கு ஒன்றாக வரிசைப்படுத்தியபோதும், அவற்றுக்கு இலக்கமிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நமது நாட்டிலும், வானொலியில் மக்களைச் சிரிக்கவைத்த கலைஞர் குழுவினர் 1976 இல் ‘கோமாளிகள்’ படத்தைத் தந்து, அது நன்றாக ஓடியபின் 1978 இல் ‘ஏமாளிகள்’ எடுத்தனர். பெயரின் ஓசை ஒன்றே அங்கு உறவைச் சொல்லிற்று.

தமிழ்த் திரையில் முதல் இரண்டாம் பாகம் எனப் பொதுவாகச் சுட்டப்படுவது ‘ஜப்பானில் கல்யாணராமன்’ (1985). இதற்கு முன்னோடியான ‘கல்யாணராமன்’ 1979 இல் ஜி. என். ரங்கராஜன் நெறியாள்கையில் வந்தது. முன்பற்கள் துருத்திய, சூதறியாத கல்யாணம் என்னும் இளைஞன் சூழ்ச்சியாற் கொல்லப்படுகின்றான். அவனுடைய ஆவி, இரட்டைப் பிறவியாகிய இராமனுட் புகுந்து பழி தீர்க்கின்றது. இரு வேடங்களையும் கமல்ஹாசன் ஏற்றார். கள்ளமில்லாத அந்தக் கல்யாணத்தைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள், அவன் இறந்தபோது அழுதனர். படத்தின் உயிர் அவ்விடத்திலேயே இருந்தது. எஸ். பி. முத்துராமன் இயக்கிய இரண்டாம் படத்தில் ஆவி மீண்டு வருகின்றது; ஆனால் இறப்பதற்கு அங்கே கல்யாணம் இல்லை. அவ்வாண்டு ஜப்பானின் சுக்குபா நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சி இருந்தது. அதனைச் சுற்றிப் பார்க்கலாம், பார்த்தோம்.

ஆயினும், தமிழருக்கு இரண்டாம் பாகம் புதியது என்று கூறுவது பொருந்தாது. சினிமா பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம்மிடம் அது இருந்தது. அதற்குப் பெயர் மணிமேகலை. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தையும் சாத்தனாரின் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்று மாணாக்கர் மனப்பாடம் செய்கின்றனர். பின்னதை முன்னதன் தொடர்ச்சி என்ற நோக்கில் வைத்துப் பார்ப்போர் சிலரே. அப்படிப் பார்த்தால், இன்றைய படத் தயாரிப்பாளர் அனைவரும் அமர்ந்து படிக்கவேண்டிய பாடம் ஒன்று அதில் இருக்கின்றது.

சாத்தனார் எளிய வழியில் என்ன செய்திருக்கலாம்? கண்ணகியை மீண்டும் பூமிக்கு இறக்கி, மற்றொரு கொடுங்கோலனுடைய நகரத்தையும் எரித்திருக்கலாம். ‘சிலப்பதிகாரம் 2’ என்று பெயரிட்டால் கேட்போர் கூட்டம் நிறைந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. முதற் காப்பியத்தில் ஓரத்தில் நின்ற மாதவியின் குழந்தையை எடுத்து நடுவில் நிறுத்தினார். முதற் கதையின் வினா நீதி. தன் கணவன் கள்வனா என்று ஒரு பெண் அரசவையிற் கேட்கின்றாள். இரண்டாம் கதையின் வினா பசி. அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை, யானைத்தீ என்னும் தீராப் பசி நோயால் வருந்திய காயசண்டிகைக்கு உணவிட்டு, அந்நோயை ஆற்றுகின்றாள். மன்னனிடம் வரம் கேட்கும்போது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருமாறு வேண்டுகின்றாள். தந்தையைக் குற்றமின்றிக் கொன்ற அரசநீதியை முதற் காப்பியம் எரித்தது. மகளோ சிறைச்சாலையின் கதவைத் திறக்கச் செய்கின்றாள். முன்னதை அறியாதவர் பின்னதைத் தனியே படித்தாலும் விளங்கும். முன்னதை அறிந்தவர்க்கு இரண்டும் சேர்ந்து பேசும்.

சுவையான செய்தி ஒன்றையும் இங்கே கூறவேண்டும். நமது கீழ்க்கரையிற் காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் எனக் கண்ணகை அம்மன் கோயில்கள் பல. வைகாசி மாதத்தில் அங்கெல்லாம் கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. மணிமேகலைக்கு இவ்விதம் கோயிலும் இல்லை, சடங்கும் இல்லை. நெஞ்சு முதற் கதையைத்தான் இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ? ஆனால் நம் முன்னோரும் மதுரை எரிந்ததோடு கதையை விட்டுவிடவில்லை. நகரை எரித்த சினம் அப்படியே நின்றால் ஊர் தாங்குமா என்று எண்ணினார்கள் போலும். சினந்த தெய்வத்தைக் குளிரச் செய்யும் குளிர்த்திச் சடங்கை வைத்தார்கள். அதற்கெனப் பாடலும் வைத்தார்கள். புலவர் எழுதாத இந்தப் பிற்பகுதியை ஊரார் ஆண்டுதோறும் கூடி நடத்துகின்றனர். விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணில் இவ்வளவேனும் இல்லாமற் போகுமா?

இனி, மாணவன் கேட்ட வினாவுக்கு வருவோம். சங்கர் இயக்கிய ‘இந்தியன்’ ஏன் நெஞ்சில் நின்றது? சேனாபதி என்னும் முதியவர் நேதாஜியின் படையிற் போர்புரிந்த விடுதலை வீரர். தீக்காயம்பட்ட மகளின் உயிரைக் காக்க இலஞ்சம் கொடுக்க மறுத்து, அவளை இழக்கின்றார். பின்னர் இலஞ்சம் வாங்குவோரைக் களையெடுக்கத் தொடங்குகின்றார். கத்தி கடைசியில் எங்கே வந்து நிற்கின்றது? அவருடைய சொந்த மகனிடத்தில். கையூட்டு வாங்கித் தகுதியற்ற பேருந்துக்குச் சான்றிதழ் வழங்கிப் பல பிள்ளைகளின் இறப்புக்குக் காரணமான மகனைத் தந்தையே கொல்கின்றார். மனைவி கெஞ்சுகின்றாள்; அவர் இளகவில்லை. கொலை செய்வோரைப் போற்றும் படங்கள் நமக்கு உவப்பானவை அல்ல. மாணாக்கருக்கு அவற்றைப் பரிந்துரைப்பதும் இல்லை. ஆனால் அப்படத்தில் நீதியின் விலையை நீதி கேட்டவனே செலுத்தினான். மனுநீதிச் சோழன் கதையைச் சிறுவயதிற் கேட்டு வளர்ந்த தமிழருக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. தந்தை, மகன் ஆகிய இரு வேடங்களையும் கமல்ஹாசனே நடித்தமை, ஒருவன் தன்னையே கொன்றுகொள்வதைப் போன்ற உணர்வையும் தந்தது. அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான இந்திய தேசிய விருது அவருக்குக் கிடைத்தது.

இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் வந்த இரண்டாம் பாகத்தைப் பலரும் ஒரே மூச்சில் இகழ்ந்துவிட்டனர். நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். அதன் நடுவே ஒரு நல்ல கரு இருந்தது. சேனாபதி நாடு திரும்பி இளைஞர்களிடம், ஊரைத் திருத்துவதற்கு முன் உங்கள் வீட்டைப் பாருங்கள் என்கின்றார். இளைஞர்கள் அப்படியே செய்கின்றனர். யூரியூப்பில் ஊரார் ஊழலை அம்பலப்படுத்தி வந்த ஓர் இளைஞன், நேர்மையாளர் என்று தான் நம்பியிருந்த தன் தந்தையே கையூட்டு வாங்குபவர் என்பதைக் கண்டு காட்டிக்கொடுக்கின்றான். வீடு சிதைகின்றது, தாய் உயிரை மாய்த்துக்கொள்கின்றாள். மகன் சேனாபதியையே வெறுத்துத் திரும்புகின்றான். முதற் படத்தில் தந்தை மகனுக்குச் செய்ததை, இப்படத்தில் மகன் தந்தைக்குச் செய்கின்றான். இதனிலும் பொருத்தமான இரண்டாம் பாகத்தை யார் எண்ணியிருக்க முடியும்? தந்தை கொண்டுவரும் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை கேட்கலாமா, கேட்டால் அந்த வீட்டில் மறுநாள் அடுப்பு எரியுமா என்பவை எந்தக் குடும்பத்துக்கும் சுடும் வினாக்களே.

ஆனால் அந்த வீட்டுக்குள் இருந்து கதையைச் சொல்லப் படத்துக்குப் பொறுமை இல்லை. சேனாபதி ஒவ்வொரு வேடமாகப் புனைந்து, ஒவ்வொரு செல்வந்தராகத் தேடிப்போய், வர்மக்கலையால் வதைக்கின்றார். முதற் படத்தில் நாம் அறிந்த ஒரு மகளின் சாவு இருந்தது. இதிலோ, நாம் ஒருமுறையும் நின்று முகம் பார்க்காத மனிதர்களின் துன்பங்கள் வரிசையாக வந்துபோகின்றன. வயதுக் கணக்கை மாணாக்கர் விடவில்லை. 1943 இல் நேதாஜியின் படையிற் சேரும்போது இருபது வயது என்று வைத்துக்கொண்டாலும், 2024 இல் நூற்றொரு வயது. அந்த வயதில் அவர் சுவரேறித் தாவுகின்றார். கணித ஆசிரியர்கள் மகிழத்தக்க மாணாக்கர்! எழுத்தாளர் சுஜாதா முதற் படத்துக்கு வசனம் எழுதியவர். 2008 இல் மறைந்துவிட்டார். அவருடைய சுருங்கிய, கூர்மையான வாக்கியங்கள் இல்லாத குறையும் பின்னதிற் பெரிது. படத்தின் முடிவில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டக் காட்சிகளைக் காட்டி அனுப்புகின்றனர். மூன்று மணிநேரம் காத்திருந்தவனுக்குக் கதை இனித்தான் தொடங்கும் என்று சொல்வது, கலியாண வீட்டுக்குப் போனவனை நாளைக்கு வந்து சாப்பிடும்படி அனுப்புவதை ஒக்கும்.

இன்னுமொன்று. அப்படத்தின் படப்பிடிப்புத் தளத்தில் 2020 பெப்ரவரியிற் பாரந்தூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தனர். அதில் நடித்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் 2021 இலேயே மறைந்துவிட்டனர். திரையில் அவர்களுடைய முகங்களைக் கண்டபோது படமாளிகையில் ஓர் அமைதி நிலவியது என்று மாணாக்கர் கூறினர்.

முடிவுக்கும் இரண்டாம் பாகத்துக்கும் உள்ள பகையை ‘எந்திரன்’ (2010), ‘2.0’ (2018) ஆகிய இரு படங்களிற் காணலாம். இவையும் சங்கரின் படைப்புகளே. ‘எந்திரன்’ முடியும்போது, சிட்டி என்னும் இயந்திர மனிதன் நீதிமன்றின் ஆணைப்படி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கின்றான். பின்னாளில் அருங்காட்சியகத்தில் அவனைக் காணும் ஒரு சிறுமி, ஏன் இப்படிக் கழற்றிவிட்டார்கள் என்று வினவ, தான் சிந்திக்கத் தொடங்கியமையே காரணம் என்கின்றான். தமிழ்ப் படமொன்றுக்கு இவ்வளவு அழகிய முடிவு அரிதாகவே வாய்த்திருக்கின்றது. அந்த முடிவு உண்மையானால் இரண்டாம் படம் இல்லை. இரண்டாம் படம் வேண்டுமானால் அந்த முடிவு பொய்யாகவேண்டும். பொய்யாக்கினார்கள். கழற்றியதை மறுபடி பூட்டினார்கள். இவ்வளவு எளிதிற் பூட்டக்கூடியதென்றால் அன்று கண்ணீர் விட்டது எதற்கு? ஆயினும் ‘2.0’ இல் வரும் பட்சிராஜன் என்னும் பறவையியல் அறிஞருக்கு நமது நெஞ்சில் இடம் உண்டு. வாவிக்கரையில் வளர்ந்தவர்கள் நீர்க்காகமும் கொக்கும் குறைந்து வருவதைப் பற்றிப் பேசும் ஒருவரை வெறுக்க முடியாது. கைத்தொலைபேசிக் கோபுரங்களின் அலைகளாலேதான் பறவைகள் மடிகின்றன என்று அவர் கூறுவதை மட்டும் விஞ்ஞான மாணாக்கர் அப்படியே நம்பிவிட வேண்டாம். அது நிறுவப்பட்ட முடிபு அன்று.

‘சாமி’ (2003), ‘சண்டக்கோழி’ (2005), ‘சந்திரமுகி’ (2005) ஆகியவற்றின் இரண்டாம் பாகங்கள் முறையே 2018, 2018, 2023 ஆம் ஆண்டுகளில் வந்தன. அவற்றைப் பற்றி விரித்துரைக்க நமக்கு ஆர்வமில்லை, பார்த்தோர்க்கும் இராது. ‘சிங்கம்’ மூன்று முறை கர்ச்சித்தது. ‘அரண்மனை’ 2014 முதல் 2024 வரையில் நான்கு முறை கட்டப்பட்டது. பேய்ப் படங்களுக்கு ஒரு வசதி உண்டு: வீடும் பேயும் புதிதாக வந்தால் போதும், முந்தியதை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கால் பார்த்து மகிழ்கின்றனர். அதிலே குறை காண்பது நமது வேலையன்று. ஆனால் இத்தனை இலக்கங்களும் ஏன் முளைக்கின்றன என்பதற்கு விடை வணிகத்திலேதான் கிடக்கின்றது. புதிய பெயரை மக்கள் மனத்திற் பதிக்கப் பெரும்பணம் செலவாகும். பழைய பெயரோ ஏற்கெனவே பதிந்திருக்கின்றது. கதை எழுதப்படுமுன்னரே பெயரைக் காட்டி விற்றுவிடலாம். சந்தையிற் பேரெடுத்த கடைப்பலகையின்கீழ்ப் புதியவர் வந்திருந்து வியாபாரம் செய்வதுபோல் என்று கொள்க. பண்டம் நன்றாயிருந்தால் எவரும் பலகையைப் பற்றிப் பேசப்போவதில்லை.

நன்றாயிருந்த பண்டங்களும் உண்டு. மலையாளத்தில் ஜீத்து ஜோசப் இயக்கிய ‘திருசியம்’ 2013 இல் வந்தது. தமிழில் அதுவே 2015 இல் ‘பாபநாசம்’ ஆயிற்று. மகளைக் காக்கத் தந்தை ஒருவன் ஒரு சாவை மறைத்துவிடுகின்றான்; பொலீசாரால் நிரூபிக்க முடியவில்லை. முதற் படம் அந்தச் சாமர்த்தியத்தோடு முடிந்தது. நாமும் கைதட்டினோம். 2021 இல் வந்த இரண்டாம் பாகம் நமது கைதட்டலை நிறுத்திவிட்டது. ஆறு ஆண்டுகள் கழிந்தும் அந்த வீட்டில் ஒருவர்க்கும் நிம்மதியான உறக்கம் இல்லை. வாசலில் வாகனச் சத்தம் கேட்டால் மகள் நடுங்குகின்றாள். ஊரார் சிரித்துப் பேசிவிட்டு, அப்பாற் போய் வேறு பேசுகின்றனர். சிறிய ஊர்களில் வாழ்வோருக்கு ஊர்வாய் என்பது என்னவென்று விளக்கவேண்டியதில்லை. பொலீசாரை ஏமாற்றிய நாயகனுக்கு அதனை ஏமாற்ற வழி தெரியவில்லை. முதற் படத்தின் முடிவை இரண்டாவது பொய்யாக்கவில்லை. அந்த முடிவோடு ஒரு குடும்பம் எப்படி உயிர் வாழும் என்று பொறுமையாகப் பார்த்தது. ‘2.0’ செய்யத் தவறியதை இங்கே காணலாம்.

ஹொலிவூட்டில் ‘கொட்பாதர்’ (1972) படத்தின் இரண்டாம் பாகம் 1974 இல் வந்து, சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. ஒரு தொடர்ச்சிப் படம் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. மகனின் வீழ்ச்சியையும், தந்தையின் இளமைக் கால எழுச்சியையும் மாற்றி மாற்றிக் காட்டி, ஒன்றை மற்றொன்றின்மேல் வைத்துப் பார்க்கச் செய்த படம் அது. 1990 இல் வந்த மூன்றாவதை அதன் அன்பர்களே தாழ்ந்த குரலிற்றான் புகழ்வர்.

ஆயினும், களுவாஞ்சிக்குடியிலிருந்து பிள்ளைகளைப் பேராதனைக்கும் கொழும்புக்கும் படிக்க அனுப்பும் தாய்மார் பார்க்கவேண்டிய இரண்டாம் பாகம் வேறொன்று. சத்தியஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955 இல் வந்தபோது, தொடர்ந்து மேலும் இரு படங்கள் எடுக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. அதன் வெற்றி ‘அபராஜிதோ’வுக்கு (1956) வழி வகுத்தது. வறிய கிராமத்துச் சிறுவன் அபு வளர்ந்து, புலமைப்பரிசில் பெற்றுக் கல்கத்தாவுக்குப் படிக்கப் போகின்றான். தாய் தனியே கிராமத்தில் இருக்கின்றாள். புகைவண்டி போகும் நேரமெல்லாம் வாசலைப் பார்க்கின்றாள். மகன் விடுமுறையில் வந்தால், தூக்கம் வருகின்றது என்று படுத்துவிடுகின்றான். தன் நோயை அவள் அவனுக்கு எழுதுவதில்லை, படிப்புக் கெட்டுவிடுமாம். இருட்டில் மின்மினிப் பூச்சிகள் பறக்க, மகன் வந்துவிட்டானோ என்று வாசலுக்கு எழுந்து வருகின்றாள். அவன் வந்து சேரும்போது அவள் இல்லை. அழுதுவிட்டு அவன் மீண்டும் படிக்கப் போய்விடுகின்றான். தாயின்மேல் இவ்வளவு பற்றில்லாத மகனை வங்காள மக்கள் விரும்பவில்லை. படம் அங்கே நன்றாக ஓடவில்லை. 1957 இல் வெனிஸ் திரைப்பட விழாவிற் பொற்சிங்க விருது அதற்குக் கிடைத்தது. முதற் படத்தை விட இதுவே உயர்ந்தது என்பது நமது எண்ணம். மாணாக்கர் நம்மோடு முரண்படுகின்றனர். அவர்கள் இன்னும் மகனின் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள்.

கதையொன்றைப் பிளந்து இரு படமாக்குவது வேறு சங்கதி. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த ஐந்து பாக நாவல். மணிரத்தினம் அதனை 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு படங்களாகத் தந்தார். அங்கே பின்னது முன்னதற்கு ஈடாகுமா என்று கேட்பது, ஒரே சேலையின் முந்தானை உடலுக்கு ஈடாகுமா என்று கேட்பதைப் போன்றது. எனினும் நாவல் படித்த முதியோர், சேந்தன் அமுதனுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று வருந்தினர். அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் உண்டு. கல்கியைப் பற்றிய மற்றொரு செய்தி மாணாக்கருக்குப் பயன்படும். கதைக்காலப்படி முந்தியதான ‘சிவகாமியின் சபதம்’, ‘பார்த்திபன் கனவு’க்குப் பின்னரே எழுதப்பட்டது. நரசிம்ம பல்லவரை முதலில் நடுவயதினராகக் காட்டிவிட்டுப் பின்னர் அவருடைய இளமைக்குப் போனார் ஆசிரியர். சிவகாமியை நரசிம்மர் மணக்கப்போவதில்லை என்பது முந்திய நூலைப் படித்தவர்க்கு முன்பே தெரியும். தெரிந்தும் படித்தனர், தெரிந்ததனாலேயே இன்னும் கூடுதலாக வருந்தினர்.

கடைசியாக நமது நாட்டுப் படமொன்று. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் மூன்று நாவல்களை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘கம்பெரலிய’ (1963), ‘கலியுகய’ (1982), ‘யுகாந்தய’ (1983) என்னும் மூன்று சிங்களப் படங்களாக ஆக்கினார். முதலாவது, தென்பகுதிக் கிராமமொன்றில் நொடித்துப்போகும் பெரிய வளவு வீட்டின் கதை. 1965 இல் புதுதில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது. நந்தாவாகப் புண்யா ஹீந்தெனியவும், பியலாக ஹென்றி ஜயசேனவும் நடித்தனர். இரண்டாவது படத்தில் நந்தாவும் பியலும் கொழும்பிற் பணக்காரராகிவிட்டனர். பெற்றோரை விட்டகன்ற மகனின் கடிதம் ஒன்று வந்து அவர்களுடைய வாழ்வையே கணக்குக் கேட்கின்றது. அவ்விரு வேடங்களுக்கும் அதே புண்யா ஹீந்தெனியவும் அதே ஹென்றி ஜயசேனவும் திரும்பி வந்தனர். இடையிற் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் உண்மையாகவே கழிந்திருந்தன. சேனாபதியின் முகத்துக்குப் போட்ட மெழுகும் பசையும் அங்கே தேவைப்படவில்லை. தளர்ந்த நடையும் கண்ணோரச் சுருக்கமும் அவர்களுடையனவாகவே இருந்தன. நந்தாவின் முகம் திரையில் அண்மையிற் காட்டப்படும்போது, 1963 ஆம் ஆண்டு முகமும் கூடவே தெரிகின்றது.